மூன்று மானிட்டர்களில் சிமுலேஷன் கேம்ஸ்: வாங்கும் முன் அளவெடுங்கள்

கார், லாரி, விமானம் போன்றவற்றை நிஜமாக ஓட்டுவது போலவே ஓட்டிப் பார்க்க உதவும் கேம்களை சிமுலேஷன் கேம்ஸ் என்கிறோம். மற்ற கேம்களில் திரையில் நடப்பதை நாம் வேடிக்கை பார்க்கிறோம். இவற்றில் நாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவருக்கு முன்னால் தெரியும் ரோடு பாதிதான். மீதிப் பாதி இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. பக்கத்தில் வரும் வண்டி, சைடு கண்ணாடி, வளைவின் உள்முனை, விமானமென்றால் இறக்கைக்கு அருகே தெரியும் ரன்வே எல்லாம் அங்கேதான். மேஜையில் இருக்கும் ஒற்றை மானிட்டர் அந்தப் பாதியைக் காட்டாது.

இதற்குத் தீர்வாகப் பலரும் செய்வது மூன்று மானிட்டர்களை வரிசையாக வைத்துக் கொள்வது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதைச் செய்யலாம், கஷ்டமான வேலை அல்ல. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிட வேண்டும். அளக்காமல் வாங்கினால் பணம் போகும், மேஜை போதாது, தலையும் சுற்றும். மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். என் நண்பர் ஒருவர் மூன்று வெவ்வேறு அளவு மானிட்டர்களை வாங்கி, கடைசியில் இரண்டை விற்றார்.

ஒரே மானிட்டரில் என்ன குறை?

என் அப்பா 30 வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி எடுப்பதில்லை. அவரை மனதில் வைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன். 2012ல் வெளியான யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற கேமை ஒற்றை மானிட்டரில் போட்டுக் கொடுத்தேன். செக் நாட்டைச் சேர்ந்த எஸ்.சி.எஸ். சாப்ட்வேர் தயாரித்தது. ஐரோப்பிய சாலைகளில் சரக்கு லாரி ஓட்டும் கேம். இதில் பிரிட்டனும் இருக்கிறது. அங்கும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், வலது பக்க ஸ்டியரிங் உள்ள கேபினையும் தேர்வு செய்து கொள்ளலாம். அப்பாவுக்கு எந்தப் புதுப் பழக்கமும் தேவைப்படாது என்று நினைத்தேன்.

உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் கேள்வி, "கண்ணாடி எங்கடா இருக்கு? கண்ணாடி பாக்காம எப்படி ஒடிக்கிறது?"

எப்2 கீயை அழுத்தினால் கண்ணாடிகள் திரையின் மூலைகளில் சிறு கட்டங்களாக வரும் என்று காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கண் தானாகப் போகிறது, அங்கே சுவர்தான் இருக்கிறது. பிறகு பார்வைக் கோணத்தைக் கூட்டி, கண்ணாடி திரைக்குள் வரும்வரை இழுத்துப் பார்த்தோம். கண்ணாடி வந்தது, ஆனால் முன்னால் போகும் வண்டி பொம்மை போலச் சிறுத்துவிட்டது. ஓரங்களில் மரங்கள் நீண்டு ஓடின. பத்து நிமிடத்தில் "ரோடு ஓடுது, வண்டி நிக்குது" என்று சொல்லித் தலையைப் பிடித்துக் கொண்டு எழுந்துவிட்டார்.

இதன் காரணத்தைப் புரிந்து கொண்டால் மற்றதெல்லாம் எளிது. மானிட்டரை ஒரு ஜன்னலாக நினைத்துக் கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு தெரியும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஜன்னலின் அகலம், இன்னொன்று நீங்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது. இப்படிக் கிடைக்கும் கோணத்தை எப்.ஓ.வி. அதாவது ஃபீல்டு ஆஃப் வியூ என்பார்கள். தமிழில் பார்வைக் கோணம் என்போம். ஜன்னல் 50 டிகிரிதான் திறந்திருக்கிறது, ஆனால் கேம் அதற்குள் 100 டிகிரிக் காட்சியைத் திணிக்கிறது என்றால், எல்லாம் சிறுத்துத் தெரியும், வேகமும் தூரமும் தப்பாகப் படும். கண் ஒன்று சொல்ல உடம்பு இன்னொன்று சொல்லும். தலைசுற்றல் அதனால்தான்.

ஆகவே கோணத்தைக் கேமில் கூட்டுவதால் பயனில்லை. ஜன்னலையே பெரிதாக்க வேண்டும்.

டேப்பும் கால்குலேட்டரும்

27 இன்ச் மானிட்டர் என்றால் 27 இன்ச் அகலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மூலைவிட்டத்தின் அளவு. 16:9 விகிதத்தில் உள்ள 27 இன்ச் திரையின் அகலம் ஏறத்தாழ 59.8 செ.மீ. 24 இன்ச் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் 23.8 இன்ச், அவற்றின் அகலம் சுமார் 52.7 செ.மீ. 32 இன்ச் திரை சுமார் 70.8 செ.மீ. இருக்கும்.

இப்போது நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்காருங்கள். கண்ணிலிருந்து திரை வரை உள்ள தூரத்தை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 60 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிபிக் மோடுக்கு மாற்றுங்கள். டிகிரியில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். திரை அகலத்தில் பாதியைத் தூரத்தால் வகுக்க வேண்டும். 29.9ஐ 60ஆல் வகுத்தால் 0.498. இதற்கு இன்வர்ஸ் டேன் எடுத்தால் 26.5 வரும். அதை இரண்டால் பெருக்கினால் 53. இதுதான் உங்கள் ஒரு மானிட்டரின் பார்வைக் கோணம்.

அதே 60 செ.மீ. தூரத்தில் 24 இன்ச் மானிட்டருக்கு 47 டிகிரி, 32 இன்ச்சுக்கு 61 டிகிரி. தூரத்தையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 27 இன்ச் மானிட்டரை 75 செ.மீ.க்குத் தள்ளி வைத்தால் 43 டிகிரிதான் கிடைக்கும். பெரிய மானிட்டர் வாங்கித் தூரத்தில் வைப்பதும் சிறியதை வாங்கி அருகில் வைப்பதும் பார்வைக் கோணத்தைப் பொறுத்தவரை ஒன்றே. இந்த ஒரு கணக்கைப் போட்டாலே ஒரு மானிட்டரின் அளவைக் குறைத்து வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மூன்று 27 இன்ச் மானிட்டர்களை 60 செ.மீ. தூரத்தில் வளைத்து வைத்தால் 53ஐ மூன்றால் பெருக்கி 159 டிகிரி. மனிதக் கண்கள் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் பார்ப்பது சுமார் 200 டிகிரி. ஆக முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிவிடுகிறது. மீதி கண்ணின் கடைசி ஓரம்தான், கழுத்தைத் திருப்பாதவரை அது பெரிதாகத் தெரியாது.

வளைத்து வைப்பது எப்படி?

மூன்று மானிட்டர்களையும் நேர்க்கோட்டில் வைக்கக் கூடாது. பக்கத்து மானிட்டர்களும் உங்கள் முகத்தைப் பார்த்தபடி, நடு மானிட்டரைப் போலவே 60 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு திருப்புவது? மேலே கண்ட 53 டிகிரியேதான். நடு மானிட்டரின் நேர்க்கோட்டிலிருந்து பக்க மானிட்டர் 53 டிகிரி உங்களை நோக்கித் திரும்ப வேண்டும். கேட்டால் அதிகமாகத் தோன்றும். கடைகளிலும் வீடியோக்களிலும் 20, 30 டிகிரி மட்டும் திருப்பி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், கணக்குக்கு ஒத்து வராது.

53 டிகிரியை அளக்கக் கோணமானி தேவையில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 கணக்குப் போடுவாரே, அது இங்கே அப்படியே உதவுகிறது. அந்த முக்கோணத்தின் ஒரு கோணம் 53 டிகிரி. எனவே நடு மானிட்டரின் ஓரத்திலிருந்து அதே நேர்க்கோட்டில் வெளிப்பக்கமாக 36 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து உங்களை நோக்கி 48 செ.மீ. அளந்து இன்னொரு புள்ளி வையுங்கள். பக்க மானிட்டரின் வெளி ஓரம் அந்த இரண்டாவது புள்ளியில் இருக்க வேண்டும். இடையில் உள்ள நீளம் 60 செ.மீ., அதாவது மானிட்டரின் அகலம். செய்தித்தாளை விரித்து இதை மேஜையில் வரைந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வரைந்தால் உடனே ஒன்று தெரியும். மொத்த அகலம் 132 செ.மீ. ஆகிறது. நம் வீடுகளில் உள்ள நான்கு அடி மேஜை 122 செ.மீ.தான். ஐந்து அடி வேண்டும். அல்லது 24 இன்ச்சுக்கு இறங்க வேண்டும். நான் இறங்கச் சொல்வேன். மேஜையை மாற்றுவதைவிட அது சுலபம். 24 இன்ச் மானிட்டர்களையே கண்ணிலிருந்து 53 செ.மீ. தூரத்துக்கு இழுத்துக் கொண்டால் அதே 53 டிகிரி வந்துவிடும், மொத்த அகலம் 116 செ.மீ.க்குள் அடங்கும். ஆனால் ஸ்டியரிங் இடத்தை அடைக்கும் என்பதால் 53 செ.மீ. எல்லோருக்கும் முடியாது. ஸ்டியரிங் பெட்டியை மேஜை விளிம்பில் மாட்டி, அதன் பின்னால் திரை வருவது போல வைத்துப் பாருங்கள்.

மானிட்டருடன் வரும் ஸ்டாண்டுகள் இந்த அமைப்புக்கு இடைஞ்சல். மூன்று ஸ்டாண்டுகளின் கால்களும் ஒன்றோடொன்று முட்டும். மானிட்டரின் பின்பக்கம் நான்கு ஸ்குரூ துளைகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். வீசா மவுண்ட் என்பார்கள். துளைகளுக்கு இடையே 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருக்கும். மிகவும் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இது இருப்பதில்லை. இருந்தால் மூன்று மானிட்டர் ஸ்டாண்டிலோ, வெல்டிங் பட்டறையில் சொல்லி அடித்த இரும்பு பிரேமிலோ மாட்டலாம். என்னுடையது பட்டறையில் அடித்ததுதான். வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் மானிட்டரின் எடை கிளாம்பை நெம்பும். பிளைவுட் அல்லது துகள் பலகை மேஜையாக இருந்தால் கிளாம்புக்கு அடியிலும் மேலேயும் ஒரு கனமான மரப்பலகையை வையுங்கள்.

மூன்றும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, இன்னும் இரண்டுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் நிறம், வெளிச்சம், உயரம், ரெசல்யூஷன் ஏதாவது ஒன்று வேறுபட்டாலும் அடிவானக் கோடு ஒரு மானிட்டரில் ஏறியும் மற்றதில் இறங்கியும் நிற்கும். அதே மாடல் இன்னும் விற்பனையில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பழையதை வீட்டில் வேறு வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் தாங்குமா?

1920 x 1080 ரெசல்யூஷன் கொண்ட ஒரு மானிட்டரில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. மூன்றில் 62.2 லட்சம். 4கே டிவி ஒன்றில் 82.9 லட்சம். எனவே கிராபிக்ஸ் கார்டு 4கேயில் ஒரு கேமை ஓட்டும் என்றால் மூன்று சாதாரண மானிட்டர்களில் அதைவிடச் சற்று எளிதாக ஓட்டும். 2560 x 1440 மானிட்டர்கள் மூன்று வாங்கினால் 110.6 லட்சம் புள்ளிகள், 4கேயையும் தாண்டிவிடும். படம் இன்னும் கூர்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டின் விலை மூன்று மானிட்டர்களின் விலையையும் விழுங்கிவிடும். முதல் தடவை செய்பவர்கள் 1920 x 1080இல் நின்றுவிடுவது நல்லது.

புள்ளிகளை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஒற்றை மானிட்டரில் தெரியாத மரமும் வீடும் வண்டியும் இப்போது தெரிகின்றன அல்லவா? அவை ஒவ்வொன்றையும் எங்கே வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். அதன் வேலையும் கூடுகிறது. விமான சிமுலேட்டர்களில் இது நன்றாகவே உறைக்கும். கேம்களுக்கான தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டர்களை இணைத்து எக்ஸெல் பார்க்கலாம், ஓட்ட முடியாது.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் செருகும் இடங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். மேலே யு.எஸ்.பி. போர்ட்களுக்கு அருகில் உள்ளவை மதர்போர்டைச் சேர்ந்தவை. கீழே தனியாகப் படுக்கை வாட்டில் இருப்பவை கிராபிக்ஸ் கார்டைச் சேர்ந்தவை. மூன்று கேபிள்களும் கீழே உள்ள கார்டில்தான் செருகப்பட வேண்டும். இன்று வரும் கார்டுகள் பலவற்றில் மூன்று டிஸ்பிளே போர்ட்டும் ஒரு எச்.டி.எம்.ஐ.யும் இருக்கின்றன. கடைக்காரர் எச்.டி.எம்.ஐ. கேபிள் மட்டும் உள்ள மானிட்டரைக் கொடுத்தால், டிஸ்பிளே போர்ட் நுழைவு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். யு.எஸ்.பி.யில் மாட்டி மூன்றாவது மானிட்டரை இணைக்கும் சிறு அடாப்டர்களும் விற்கிறார்கள். அலுவலக வேலைக்கு அவை போதும், கேம்களுக்கு வேண்டாம்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

மூன்றையும் இணைத்து ஆன் செய்தவுடன் விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்பிளே செட்டிங்ஸ் செல்லுங்கள். மூன்று கட்டங்கள் 1, 2, 3 என்ற எண்களுடன் தெரியும். ஐடென்டிபை பட்டனைக் கிளிக் செய்தால் எந்த எண் எந்த மானிட்டர் என்று திரையிலேயே காட்டும். கட்டங்களை மவுசால் இழுத்து மேஜையில் இருக்கும் வரிசையிலேயே வையுங்கள். நடு மானிட்டரை மெயின் டிஸ்பிளே ஆக்குங்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. 144 ஹெர்ட்ஸ் என்று சொல்லி வாங்கிய மானிட்டர் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக் கொண்டிருக்கும். அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற பகுதிக்குப் போய் மூன்று மானிட்டர்களுக்கும் ரெப்ரஷ் ரேட்டை ஒரே எண்ணாக மாற்றுங்கள்.

அடுத்து, மூன்றையும் ஒரே அகலத் திரையாகக் காட்டும் வசதி. என்விடியா கார்டில் இதற்கு சர்ரவுண்ட் என்று பெயர். ஏ.எம்.டி. கார்டில் ஐபினிட்டி. 2009ல் ஏ.எம்.டி. இதை ரேடியான் எச்.டி. 5800 வரிசையோடு கொண்டு வந்தது, மறு வருடம் என்விடியாவும் தொடர்ந்தது. இவர்களுக்கு முன்பே 2002ல் மேட்ராக்ஸ் நிறுவனம் பர்ஹீலியா என்ற கார்டில் மூன்று மானிட்டர் கேம்களைக் காட்டியிருந்தது. குண்டு மானிட்டர்கள் இருந்த காலம் அது. மூன்றை வைத்தால் மேஜையில் டீ கிளாஸ் வைக்கக்கூட இடம் இருந்திருக்காது.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் கான்பிகர் சர்ரவுண்ட் என்ற பகுதியில் டிக் செய்து மூன்று மானிட்டர்களையும் தேர்வு செய்தால் 5760 x 1080 என்ற ஒரே திரை கிடைக்கும். இதற்கு மூன்றும் ஒரே ரெசல்யூஷனில் இருக்க வேண்டும். இதே பகுதியில் பெசல் கரெக்ஷன் இருக்கிறது. இரு மானிட்டர்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள கறுப்புச் சட்டத்துக்குப் பின்னால் ரோடு மறைந்து போவது போலக் காட்டுவதற்கான வசதி. இல்லையென்றால் ரோட்டின் வெள்ளைக்கோடு சட்டத்தில் உடைந்து தெரியும். 27 இன்ச் மானிட்டரில் ஒரு புள்ளி 0.31 மில்லிமீட்டர். இரண்டு சட்டங்களும் சேர்ந்து 16 மில்லிமீட்டர் என்றால் சுமார் 51 புள்ளிகள் கொடுக்க வேண்டும்.

சர்ரவுண்ட் ஆனில் இருக்கும்போது பிரவுசரை மேக்சிமைஸ் செய்தால் மூன்று மானிட்டர்களிலும் விரியும். எரிச்சலாக இருக்கும். கேம் முடிந்ததும் ஆப் செய்துவிடுங்கள்.

ஒரு படமா, மூன்று படங்களா?

சர்ரவுண்ட் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பக்க மானிட்டர்களில் கார்கள் ரப்பர் போல நீள்வதைப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு செலவு என்று நொந்து கொள்கிறார்கள். காரணம் எளிது. சாதாரண கேம் ஒன்று, திரை தட்டையானது என்று நினைத்து ஒரே படமாக வரைகிறது. நம் திரையோ மடங்கியிருக்கிறது.

எவ்வளவு மோசம் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 159 டிகிரிக் காட்சியை ஒரே தட்டையான படமாக வரைந்தால், நடுவில் உள்ள 53 டிகிரிக்கு அந்தப் படத்தின் அகலத்தில் 9 சதவீதம்தான் கிடைக்கும். நாம் எப்போதும் பார்த்துக் கொண்டிருக்கும் முன் ரோடு அந்த 9 சதவீதத்துக்குள் நசுங்கும், மீதி 91 சதவீதமும் ஓரங்களுக்குப் போகும். அதனால்தான் அந்தக் கேம்களில் பார்வைக் கோணத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. குறைத்தால் மூன்று மானிட்டரின் பயனும் குறைகிறது.

சரியான வழி, கேம் மூன்று தனித் தனிப் படங்களை வரைவது. நடுவில் நேர்ப் பார்வை, இடது மானிட்டருக்கு 53 டிகிரி இடப்பக்கம் திரும்பிய பார்வை, வலதுக்கு 53 டிகிரி வலப்பக்கம். ஆகவே கேம் வாங்கும் முன் டிரிபிள் ஸ்கிரீன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மானிட்டரில் ஓடும் என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கார் பந்தயக் கேம்களில் இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014ல் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸாவிலும், 2008 முதல் நடந்து வரும் ஐரேஸிங்கிலும் இந்த வசதி நன்றாக இருக்கிறது. திரையின் அகலம், சட்டத்தின் தடிமன், கண்ணிலிருந்து தூரம், திருப்பிய கோணம் ஆகியவற்றைக் கேட்கும். நீங்கள் டேப்பில் அளந்த எண்களையே கொடுங்கள்.

யூரோ டிரக் சிமுலேட்டரில் இதற்கு மெனு இல்லை. டாகுமெண்ட்ஸ் போல்டரில் கேமின் பெயரில் உள்ள போல்டரைத் திறந்து, கான்பிக் என்ற பைலை நோட்பேடில் திறக்க வேண்டும். முதலில் அதற்கு ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மல்டிமான் மோட் என்ற வரியில் 0 என்று இருப்பதை 2 ஆக்கிச் சேவ் செய்யுங்கள். கேம் திறந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். மூடும்போது கேம் தன் பழைய எண்ணையே மீண்டும் எழுதிவிடும்.

எங்கள் வீட்டில் இதைச் செய்து முடித்த அன்று அப்பா கார்டிப்பிலிருந்து லண்டனுக்கு ஒரு லோடு எடுத்தார். கண்ணாடி எங்கே என்று கேட்கவில்லை. டிரெய்லரை ரிவர்ஸில் நிறுத்தும்போது கழுத்தை வலப்பக்கம் திருப்பி, கண்ணாடியைப் பார்த்து ஒடித்தார். தலைசுற்றல் எதுவும் சொல்லவில்லை. "பின் சக்கரம் இன்னும் கொஞ்சம் தெரியணும், சீட்டை ஏத்துறதுக்கு வழி இருக்கா" என்றுதான் கேட்டார். இருக்கிறது. கேமிலேயே சீட்டின் உயரத்தையும் கண்ணாடிகளின் சாய்வையும் மாற்றலாம். உங்கள் நாற்காலியையும் கண் திரையின் நடு உயரத்துக்கு வருமாறு வைத்துக் கொள்ளுங்கள்.

விமானம் ஓட்டுபவர்களுக்கு

எக்ஸ்-பிளேன் 12க்கு சர்ரவுண்ட் தேவையில்லை. கிராபிக்ஸ் செட்டிங்ஸில் மூன்று மானிட்டர்களையும் தனித் தனியாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் புல் ஸ்கிரீன் சிமுலேட்டர் என்று கொடுத்து, பக்கவாட்டு ஆப்செட்டில் இடதுக்கு மைனஸ் 53, வலதுக்கு 53 கொடுத்தால் போதும். இதற்கு இலவச டெமோ உண்டு. பிளைட்கியர் முழுக்க இலவசம், அதிலும் பல மானிட்டர் வசதி இருக்கிறது, ஆனால் பைலில் எழுதித்தான் அமைக்க வேண்டும். 2020ல் வெளியான மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் பல மானிட்டர் வசதி 2022ல்தான், அதுவும் சோதனை வசதியாக வந்தது. ஒவ்வொரு ஜன்னலையும் புதிதாக வரைவதால் வேகம் கணிசமாகக் குறையும்.

விமானப் பயிற்சிக்காக மூன்று மானிட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரன்வேயைச் சுற்றிப் பறந்து இறங்கும்போது ரன்வே சரியாக உங்கள் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில் வரும். அதைக் கடந்து, ரன்வேயின் முனை இறக்கைக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள். நேர் முன்னாலிருந்து கணக்கிட்டால் அது 135 டிகிரி. நம் மூன்று மானிட்டர்கள் ஒரு பக்கத்துக்கு 79 டிகிரி வரைதான் காட்டுகின்றன. ஆகவே அந்த முக்கியமான கணத்தில் ரன்வே திரையில் இருக்காது. ஜாய்ஸ்டிக்கின் தலையில் உள்ள சிறு பட்டனால் பார்வையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

இதனால் விமானம் மட்டும் ஓட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது ஓபன்டிராக் என்ற இலவச சாப்ட்வேர். சாதாரண வெப்கேம் உங்கள் தலையின் அசைவைக் கவனிக்கும். தலையைச் சிறிது திருப்பினால் காட்சி நிறையத் திரும்பும். ஒற்றை மானிட்டரிலேயே பின்னால்வரை பார்க்கலாம். பழக இரண்டு மூன்று நாட்கள் ஆகும். கார், லாரி ஓட்டுபவர்களுக்குத்தான் மூன்று மானிட்டர் முழுப் பயன் தருகிறது.

49 இன்ச் நீள மானிட்டர் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். நடுவில் சட்டம் இல்லை, ஒரே கேபிள், அமைப்பதும் சுலபம். 60 செ.மீ. தூரத்தில் வளைவைப் பொறுத்து 90 முதல் 105 டிகிரி வரை கிடைக்கும். இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு நல்லதுதான். லாரியின் சைடு கண்ணாடிக்கு அது போதாது என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

மின்சாரம்

27 இன்ச் எல்.இ.டி. மானிட்டர் ஒன்று பொதுவாக 25 முதல் 40 வாட் வரை எடுக்கும். மூன்றுக்கு 120 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட், 4070 என்றால் 200 வாட். பிராசஸரையும் மற்றதையும் சேர்த்தால் மொத்தம் 400 வாட்டைத் தொட்டுவிடும். கம்ப்யூட்டருடன் கொடுத்த 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மூன்று மானிட்டர்களையும் அதில் செருகினால் கரண்ட் போன நொடியில் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து ஆப் ஆகிவிடும். கம்ப்யூட்டர் பெட்டியையும் நடு மானிட்டரையும் மட்டும் யு.பி.எஸ்.ஸில் வையுங்கள். பக்க மானிட்டர்கள் இரண்டும் நேரடியாகச் சுவர் பிளக்கில் இருக்கட்டும். கரண்ட் போனால் அவை அணையும், நடு மானிட்டரில் கேமைச் சேவ் செய்து ஷட் டவுன் செய்துவிடலாம். சேவ் செய்தவுடன் ஷட் டவுன் செய்யுங்கள். கேம் ஓடும்போது யு.பி.எஸ். பேட்டரி சில நிமிடங்கள்தான் நிற்கும். இரும்பு பிரேம் அடித்திருந்தால், எலக்ட்ரீஷியன் வரும்போது அந்தப் பிளக்குகளின் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.